செய்தி மேசையில் நீடிப்பதா, வெளியே வருவதா: சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தியாளருக்கு முன் உள்ள வழிகள்

வேலையை விடலாமா என்று யோசிக்கும் செய்தியாளர் முதலில் சம்பளத்தைத்தான் ஒப்பிடுகிறார். சிங்கப்பூரில் தமிழில் எழுதுபவர் அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போன இடம் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர முடியுமா? இங்கே தமிழில் முழுநேரச் செய்தி அறை என்று சொல்லத்தக்கவை இரண்டுதான். ஒன்று எஸ்பிஎச் மீடியாவின் தமிழ் முரசு, மற்றொன்று மீடியாகார்ப்பின் தமிழ்ச் செய்திப் பிரிவு. ஒன்றிலிருந்து விலகினால் மற்றதில் இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டையும் விட்டவர் திரும்பி வருவதற்கு மூன்றாவது வாசல் கிடையாது. அதனால் கீழே உள்ள வழிகளை வருமானத்தோடு சேர்த்து, எது திரும்பி வர விடும், எது விடாது என்ற கண்ணோடும் பார்த்திருக்கிறோம்.

பணம் எங்கே போனது

நாளிதழைத் தாங்கியது வாசகர் கொடுத்த காசு அல்ல, விளம்பரம். அதிலும் வேலை, வீடு, பழைய பொருள் என்ற மூன்று வரிவிளம்பரங்கள். வீட்டு விளம்பரம் 2007ல் இங்கேயே தொடங்கிய புராப்பர்ட்டிகுருவுக்குப் போனது. பழைய பொருள் 2012ல் தொடங்கிய கரோசலுக்குப் போனது. வேலை விளம்பரம் அதற்கு முன்பே இணையத்துக்கு நகர்ந்துவிட்டது. மிச்சமிருந்த பெரிய விளம்பரங்களை கூகலும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொண்டன. ஊடக வருவாய் ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைந்ததாக சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் 2021ல் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதன் ஊடகத் தொழில் தனியே பிரிக்கப்பட்டு, லாப நோக்கமற்ற எஸ்பிஎச் மீடியா அறநிறுவனத்தின் கீழ் வந்தது. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 180 மில்லியன் வெள்ளி வரை வழங்குவதாக 2022ல் அரசாங்கம் அறிவித்தது.

இதற்கிடையே அச்சு இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றன. மை பேப்பர் 2016 முடிவில் தி நியூ பேப்பருடன் இணைந்தது. தி நியூ பேப்பரின் அச்சு 2021 டிசம்பரில் நின்றது. டுடே 2017ல் அச்சை விட்டு மின்னிலக்கத்துக்கு மாறியது, 2024 அக்டோபரில் மீடியாகார்ப்பின் செய்தித் தளமான சிஎன்ஏவுக்குள் கலந்தது. 2023 ஜனவரியில் எஸ்பிஎச் மீடியாவில் பிரதி எண்ணிக்கை கூட்டிக் காட்டப்பட்ட விவகாரமும் வெளிவந்தது. 2020 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை நாளொன்றுக்குச் சராசரியாக 85,000 முதல் 95,000 பிரதிகள் அதிகமாகக் கணக்கிடப்பட்டிருந்தன. எனவே ‘எத்தனை பிரதி விற்கிறது’ என்பதை மட்டும் வைத்து ஒரு செய்தி அறையின் ஆயுளைக் கணிக்க வேண்டாம்.

தமிழின் நிலை இதிலிருந்து சற்று வேறுபட்டது. 1935 ஜூலையில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு 1995ல் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸுக்கு வந்தது. தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அந்தத் தகுதி இருக்கும்வரை ஒரு தமிழ் நாளிதழும் ஒரு தமிழ் ஒளிபரப்பும் தேவை என்ற கொள்கை நிற்கும். அத்தகைய தாங்கல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து நாடே சான்று. 1924ல் தொடங்கிய மலேசியாவின் தமிழ் நேசன், நட்டத்தைத் தாங்க முடியாமல் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது.

ஆனால் வாசகர் வட்டம் சுருங்குகிறது. வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020ல் 2.5 விழுக்காடு. வேலை சட்டென்று மறையாது, ஆனால் வளரவும் வளராது. முடிவெடுக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இருந்த இடத்தில் இருப்பது

நீடிப்பதா என்று முடிவு செய்யுமுன் ஒரு சோதனை. உங்கள் பெயரில் கடைசியாக வந்த 20 செய்திகளை எடுங்கள். எத்தனைக்கு நீங்கள் நேரில் போனீர்கள் அல்லது தொலைபேசியில் ஒருவரிடம் கேட்டு எழுதினீர்கள்? எத்தனை ஆங்கில அறிக்கையையோ செய்தி நிறுவனத் தகவலையோ தமிழாக்கியவை? பதினைந்துக்கு மேல் தமிழாக்கம் என்றால், நீங்கள் இப்போதே மொழிபெயர்ப்பாளர் வேலையைத்தான் செய்தியாளர் சம்பளத்துக்கும் செய்தியாளர் நேரத்துக்கும் செய்கிறீர்கள். அப்படியானால் வெளியே மொழிபெயர்ப்பாளராகப் போவதில் நீங்கள் இழப்பது அதிகமில்லை. பத்துக்கு மேல் சொந்தச் செய்தி என்றால் கதை வேறு. அந்த வேலையை இந்த ஊரில் வேறெங்கும் செய்ய முடியாது. அதை விடுமுன் இருமுறை யோசியுங்கள்.

இன்று ஒரே செய்தி நான்கு உருவத்தில் போகிறது. முதலில் செயலியில் இரண்டு வரி, அடுத்து இணையத்தில் நான்கைந்து பத்தி, மாலையில் அச்சுக்கு முழு வடிவம், கூடவே செங்குத்துக் காணொளி. பிழை நுழைவது பெரும்பாலும் முதல் இரண்டு வரியில்தான். ஆங்கில அறிக்கை ‘600 வெள்ளி வரை’ என்று சொல்லியிருக்கும். அவசரத்தில் ‘வரை’ விழுந்துவிடும். மறுநாள் காலை சமூக மன்றத்தில் 600 வெள்ளி கேட்டு ஒரு முதியவர் நிற்பார். ‘பெறலாம்’ என்பது ‘பெறுவர்’ ஆவதும், ‘மிகாமல்’ என்பது காணாமல் போவதும் இதே வகை. வேகமாக எழுதுபவர்கள் பலர் இருக்கிறார்கள். ‘வரை’யை விடாமல் எழுதுபவர்கள் குறைவு. செய்தி மேசையின் உண்மையான மதிப்பு இந்தக் கவனத்தில்தான் இருக்கிறது. அதை அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள், பின்னால் எங்கு போனாலும் விலை பெறும்.

அச்சுப் பக்கத்தில் துணையாசிரியராக இருப்பவர் தன் திறமையை இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். ஒரு பத்தி அகலத் தலைப்பில் ‘மின்னிலக்கமயமாதல்’ என்ற ஒரே சொல் வரியை அடைத்துவிடும். அதை உடைக்காமல், பொருளும் கெடாமல் நான்கு குறுஞ்சொல்லில் தலைப்பு கட்டத் தெரிந்தவருக்குக் கைப்பேசித் திரைக்கு எழுதுவது புதிய வித்தையே அல்ல. பக்கம் போடும் வேலை குறையும், தலைப்பு கட்டும் வேலை குறையாது.

30 வயதுக்குள் இருந்து, வீட்டுப் பொறுப்பு அதிகமில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு நீடிப்பதே சரி என்பது எங்கள் கணிப்பு. ஆனால் சும்மா நீடிக்கக் கூடாது. வெளிநாட்டு ஊழியர் நலன், நீதிமன்றம், வீட்டு விலை, சுகாதாரம் என ஏதாவது ஒரு துறையைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் எழுதுபவரை வெளியே எவரும் தேடி வருவதில்லை.

ஒலிபரப்பு, ஒளிபரப்பு

வசந்தம், ஒலி 96.8, ‘செய்தி’ இணையத்தளம் ஆகியவை இருக்கும் மீடியாகார்ப் பக்கம் மாறுவது துறைக்குள்ளேயே நகர்வதுதான். திரும்பி வரும் வாசல் மூடாது. மாற்றிக்கொள்ள வேண்டியது தமிழை. கண்ணுக்கு எழுதிய வாக்கியத்தில் எழுவாய் தொடக்கத்திலும் பயனிலை முப்பது சொல் தள்ளியும் இருக்கலாம். காதுக்கு எழுதினால் கேட்பவர் நடுவில் தொலைந்துபோவார். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய வாக்கியமே அங்கு அளவு. விடியற்காலைப் பணி, வாரயிறுதிப் பணி உண்டு என்பதைக் குடும்பத்தோடு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும்

செய்தியாளருக்கு மிக அருகில் இருக்கும் வேலை இது. ஆகவே விரிவாகப் பார்க்கலாம்.

அமைச்சுகளும் ஆணைபெற்ற கழகங்களும் நான்கு மொழியில் அறிவிப்பு தருகின்றன. 2014ல் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைந்த பிறகு தரத்துக்கு ஒரு பொறுப்பிடமும் வந்தது. மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சு ‘எஸ்ஜி டிரான்ஸ்லேட்’ என்ற இயந்திர மொழிபெயர்ப்புக் கருவியை அரசுத் துறைகளுக்காகப் பராமரிக்கிறது. வெற்றுத்தாளில் தொடங்கும் வேலை குறைந்து, இயந்திரம் தந்ததைச் சரிசெய்யும் வேலை கூடியிருக்கிறது.

இந்தத் திருத்த வேலையைக் குறைத்து எடை போடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ‘லாவ் பா சாட்’ என்ற உணவங்காடிப் பெயரின் கடைசி அசையைச் சனிக்கிழமை என்று எடுத்துக்கொண்டு ‘சனி’ என்று தமிழில் எழுதிவைத்த அறிவிப்புப் பலகை சமூகத்தில் பெரும் பேச்சானது. இன்றைய கருவிகள் இவ்வளவு வெளிப்படையாகத் தவறுவதில்லை. இப்போது வரும் பிழை சரளமான வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும். வாக்கியம் ஓடுகிறதே என்று கண் தாண்டிப் போகும், அதற்குள் நிபந்தனை தலைகீழாகியிருக்கும். ஆகவே திருத்தும்போது தமிழை முதலில் படிக்காமல் ஆங்கில மூலத்தை முதலில் படியுங்கள். எண், தேதி, ‘வரை’, ‘மட்டும்’, ‘தவிர’ ஆகியவற்றை மூலத்தில் அடிக்கோடிட்டுவிட்டு, அவை ஒவ்வொன்றும் தமிழில் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள்.

கட்டணம் பேசுவதில் பலர் ஏமாறுகிறார்கள். சொல்லுக்கு இத்தனை காசு என்று பேசும்போது எந்த மொழிச் சொல் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், 1,000 ஆங்கிலச் சொல் தமிழில் ஏறத்தாழ 700 முதல் 750 சொல்லாகச் சுருங்கும். சொல்லுக்கு 25 காசு என்றால், தமிழ்ச் சொல்லை எண்ணும் வாடிக்கையாளரிடம் ஆயிரத்துக்கு 60, 70 வெள்ளி உங்கள் கையை விட்டுப் போகும். மூலச் சொல் எண்ணிக்கைதான் கணக்கு என்று முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வடிவமைப்பு. நீங்கள் சரியாகக் கொடுத்த தமிழ், சுவரொட்டியில் கெட்டுப்போவதற்கு ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் பயன்படுத்தும் இன்டிசைன் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான ‘வேர்ல்டு ரெடி’ பத்தி அமைப்பு இயக்கப்பட்டிருக்காது. அப்போது ‘கொ’வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பிரிந்து நிற்கும். ‘கை’ என்பது ‘க’வுக்குப் பின்னால் சங்கிலி தொங்குவதுபோல் தெரியும். புள்ளி ஒரு பக்கம் மிதக்கும். எழுத்துருவை மாற்றினால் சரியாகாது, அந்த அமைப்பை மாற்றினால்தான் சரியாகும். எனவே ஒப்பந்தத்தில் ‘வடிவமைப்புக்குப் பின் ஒருமுறை மெய்ப்பு பார்க்கும் உரிமை’ என்ற வரியைச் சேருங்கள், அதற்குத் தனிக் கட்டணமும் போடுங்கள். அது இல்லாமல் போன சுவரொட்டி தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் தாழ்வாரத்தில் ஆறு மாதம் தொங்கும். அதைப் பார்த்து எழுத்து பழகும் பிள்ளை இருக்கிறது.

உரைபெயர்ப்பு வேறு தொழில். நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேசினால் உடனுக்குடன் ஆங்கிலம் போகிறது. நீதிமன்றங்களுக்கும் தமிழ் உரைபெயர்ப்பாளர்கள் தேவை. இங்கே செய்தியாளரின் பழக்கமே அவருக்கு எதிரியாகும். செய்தியாளர் கேட்டதைச் சுருக்குவார், செம்மையாக்குவார். உரைபெயர்ப்பாளர் சுருக்கவே கூடாது. சாட்சி ‘நான் பாக்கல’ என்றால் ‘நான் பார்க்கவில்லை’ என்று தன்மையிலேயே சொல்ல வேண்டும், ‘தாம் பார்க்கவில்லை என்றார்’ என்று மாற்றக் கூடாது. தஞ்சாவூர்க்காரர் பேச்சும் ராமநாதபுரத்துப் பேச்சும் யாழ்ப்பாணத்துப் பேச்சும் மலேசியத் தோட்டப்புறப் பேச்சும் ஒரே வாரத்தில் காதில் விழும். வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் அலைந்து செய்தி சேகரித்தவருக்கு இந்தக் காது இருக்கும், மேசையில் உட்கார்ந்து எழுதியவர் அதைப் புதிதாகப் பழக வேண்டும்.

நிறுவனத்துக்குள் முழுநேர மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தால் மத்திய சேமநிதியும் (மசே நிதி) வேலை நேரமும் உறுதி. இழப்பது பைலைன், அதாவது செய்தியின் மேல் வரும் உங்கள் பெயர். அது எவ்வளவு உறுத்தும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். பத்தாண்டு பெயரோடு எழுதியவர்களுக்கு முதல் ஆண்டு கடினமாகத்தான் இருக்கும். திரும்பி வரும் வாசல் பாதி திறந்திருக்கும்.

ஆசிரியப் பணி

கல்வி அமைச்சின் வழியாகத் தேர்வாகி, தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி முடித்து, கட்டாயப் பணிக்காலத்தை நிறைவுசெய்ய வேண்டும். தமிழ்ப் பட்டம் இல்லாதவர்கள் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழி, இலக்கியப் பட்டப்படிப்பைப் பார்க்கலாம்.

செய்தியாளரின் தமிழ் அன்றாடத் தமிழ் என்பது வகுப்பறையில் பெரிய பலம். வாய்மொழித் தேர்வில் மாணவர் காணொளியைப் பார்த்துப் பேச வேண்டும். நடப்புச் செய்தியை எளிதாகச் சொல்லத் தெரிந்தவர் அதற்கு நன்றாகப் பழக்குவார். ஆனால் வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைகள்தான் இனி வகுப்பில் பெரும்பான்மை. மொழியழகை ரசிக்கும் ஆசையோடு போகாதீர்கள். ‘அவன் போனான், அவள் போனாள், அது போனது’ என்பதை நாற்பதாவது முறையும் பொறுமையாகச் சொல்லித்தர மனம் இருந்தால் போங்கள். அந்த மனம் இருப்பவர்களுக்கு இதைவிட அர்த்தமுள்ள வேலை இந்தப் பட்டியலில் இல்லை என்றே நினைக்கிறோம். நாளைய வாசகர் அங்கேதான் உருவாகிறார். திரும்பி வரும் வாசல் ஏறக்குறைய மூடிவிடும். பயிற்சியும் பணிக்காலமும் முடிவதற்குள் செய்தி அறையின் கருவிகளும் ஆட்களும் மாறியிருப்பார்கள்.

தொடர்புத் துறை

சிண்டா எனப்படும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், இந்து அறக்கட்டளை வாரியம், மருத்துவமனைகள், வங்கிகள், விளம்பர நிறுவனங்கள் ஆகியவற்றில் தொடர்பு அதிகாரி வேலை உண்டு. தமிழ் மட்டும் போதாது, ஆங்கில அறிக்கையும் எழுத வேண்டும். கேள்வி கேட்டவர் இனி பதில் சொல்பவர். பழைய சகா தொலைபேசியில் அழைக்கும்போது சொல்லக்கூடியதை மட்டும் சொல்லப் பழக வேண்டும். இது ஒத்துவராதவர்கள் ஓராண்டுக்குள் திரும்பிவிட நினைக்கிறார்கள். அப்போது வாசல் இருக்குமா என்பதை முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகத் தொழில் செய்வது

இந்த வழியில்தான் கணக்குத் தவறு அதிகம் நடக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. மாதம் 5,000 வெள்ளி சம்பளம், 55 வயதுக்குக் கீழ் என்று வைத்துக்கொள்வோம். முதலாளியின் மசே நிதிப் பங்கு 17 விழுக்காடு, அதாவது 850 வெள்ளி. 13ஆம் மாதச் சம்பளமும் உண்டு என்றால் ஆண்டுக்கு 5,850ஐ 13ஆல் பெருக்க வேண்டும், 76,050 வெள்ளி வரும். ஆண்டில் வேலை நாள் சுமார் 260. அதில் 14 நாள் விடுப்பு, 11 பொது விடுமுறை, உடம்பு முடியாத ஐந்து நாள் போக 230. வேலை தேடுவது, விலைப்புள்ளி அனுப்புவது, காசு கேட்டு நினைவூட்டுவது ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். கட்டணம் வாங்கக்கூடிய நாள் ஏறக்குறைய 153. எழுபத்தாறாயிரத்தை 153ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 500 வெள்ளி.

அதாவது இப்போதைய சம்பளத்தோடு சமமாக நிற்கவே நாளுக்கு 500 வெள்ளி வேலை வேண்டும். நாளுக்கு 2,000 மூலச்சொல் கவனமாக மொழிபெயர்க்க முடியும் என்றால் சொல்லுக்கு 25 காசு. ஒரு கட்டுரைக்கு இரண்டு நாள் ஆகுமென்றால் கட்டுரைக்கு 1,000 வெள்ளி. தமிழ்க் கட்டுரைக்கு அந்தத் தொகையை எவர் தருவார் என்று பெயர் சொல்லி ஐந்து வாடிக்கையாளர்களை எழுதிப் பாருங்கள். ஐந்து பெயர் வரவில்லை என்றால் இன்னும் நேரம் வரவில்லை.

சுயதொழில் செய்வோரின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மசே நிதியின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கட்ட வேண்டும். வருமானம் 18,000 வெள்ளியும் அதற்கு மேலும் இருந்தால் 35 வயதுக்குக் கீழ் 8 விழுக்காடு, 50 வயதுக்கு மேல் 10.5 விழுக்காடு. முதல் ஆண்டில் இதை மறந்துவிட்டு, வரி மதிப்பீட்டோடு கடிதம் வரும்போது திகைப்பவர்கள் உண்டு. வரும் ஒவ்வொரு தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கை மெடிசேவுக்கும் வரிக்குமாகத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளத்தில் இருக்கும்போதே வாங்குங்கள். நிலையற்ற வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் நிதி நிறுவனங்கள் கடன் தகுதியைக் கணக்கிட வேண்டும். அதே தொகை சம்பாதித்தாலும் கடன் தகுதி குறையும்.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது. தமிழகத்திலிருந்து வந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸில் வேலை செய்பவர் தனித்தொழில் செய்யக் கூடாது. பாஸ் அந்த நிறுவனத்தோடு கட்டியது. புதிய முதலாளி விண்ணப்பித்து, ஒப்புதல் கிடைத்த பிறகே விலகல் கடிதம் கொடுங்கள். 2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 5,600 வெள்ளி, வயது ஏற ஏற அதுவும் ஏறும்.

எழுத்துக்கு உரிமையாளர் யார் என்பதையும் பாருங்கள். ஊழியராக எழுதியது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், முதலாளிக்கே உரியது. தனியாக எழுதிக் கொடுக்கும் கட்டுரை அடிப்படையில் உங்களுடையது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு, கேட்டு எடுத்துக் கொடுக்கும் புகைப்படமும் காணொளியும் ஒலிப்பதிவும்கூட முதலில் உங்களுக்கே சொந்தம். ஆனால் ஒப்பந்தத்தின் ஒரு வரி அத்தனையையும் மாற்றிவிடும். ‘எல்லா உரிமையும் மாற்றப்படுகிறது’ என்ற வரி இருந்தால் கட்டணத்தை உயர்த்துங்கள். ‘எந்த வழக்கு வந்தாலும் எழுதியவர் பொறுப்பு’ என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அவதூறு வழக்கின் செலவை ஒரு தனிமனிதர் தாங்க முடியாது.

காசு வரவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே கைகொடுப்பது எழுத்திலுள்ள சான்று. வாட்ஸ்அப்பில் பேசி முடித்த வேலையானாலும் அன்றே விலை, தேதி, சொல் எண்ணிக்கை மூன்றையும் மின்னஞ்சலில் போட்டு, ‘சரி’ என்ற பதிலை வாங்கி வையுங்கள்.

சொந்தத் தளம் தொடங்குவது பலரின் கனவு. உள்ளூர் வாசகர் எண்ணிக்கையை நேராகப் பாருங்கள். வீட்டில் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் படிக்கும் பழக்கம் உள்ளவர் ஒரு பகுதி, காசு கொடுத்துப் படிப்பவர் அதிலும் சிறு பகுதி. மாதம் 5 வெள்ளி கொடுக்கும் 600 பேர் கிடைத்தால் 3,000 வெள்ளி. அந்த 600 பேரைச் சேர்ப்பது பல ஆண்டு உழைப்பு. யூடியூபில் விளம்பர வருவாய் தொடங்கவே 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும், அல்லது 90 நாளில் ஒரு கோடி ‘ஷார்ட்ஸ்’ பார்வையும் வேண்டும். அதை எட்ட வெளிநாட்டுப் பார்வையாளர் வேண்டும், அவர்களுக்கு அங் மோ கியோ செய்தி எதற்கு? மெல்ல மெல்ல சிங்கப்பூர்ச் செய்தி போய்ச் சினிமாச் செய்தி வரும். இந்தச் சரிவைத் தடுத்து நிற்பதுதான் சொந்தத் தளத்தின் உண்மையான சிரமம்.

சட்டப் பக்கம் இது. உங்கள் அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் பதிவு வேண்டாம், வேறு பெயர் வைத்தால் தொழில்களைப் பதியும் அமைப்பான ஏக்ராவில் பதிய ஓராண்டுக்கு 115 வெள்ளி. சிங்கப்பூர்ச் செய்தியை இரண்டு மாதக் காலத்தில் சராசரியாக வாரம் ஒன்றாவது வெளியிட்டு, மாதம் 50,000 தனித்தனி உள்ளூர் இணைய முகவரிகளிலிருந்து வாசகர் வந்தால், தனி உரிமமும் 50,000 வெள்ளிப் பிணையும் கேட்கப்படலாம். சிறிய தமிழ்த் தளத்துக்கு அது தொலைவு. பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டமும் நீதிமன்ற அவமதிப்புச் சட்டமும் வாசகர் பத்துப் பேர் என்றாலும் பொருந்தும். அச்சில் இதழ் கொண்டுவர 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற வேண்டும்.

விலகுவதா, அனுப்பும்வரை காத்திருப்பதா

ஆட்குறைப்பு வரும் என்ற பேச்சு அலுவலகத்தில் இருந்தால் அவசரப்பட்டு விலகாதீர்கள். இரண்டாண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை தருவது வழக்கம். சட்டக் கட்டாயம் அல்ல, ஒப்பந்தத்தையும் தொழிற்சங்க உடன்பாட்டையும் பொறுத்தது. பத்தாண்டு, 5,000 வெள்ளி என்றால் 25,000 முதல் 50,000 வரை. தாமாக விலகியவருக்கு இது இல்லை. 2025 ஏப்ரலில் தொடங்கிய, அரசின் திறன் மேம்பாட்டு இயக்கமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் வேலை தேடுவோர் ஆதரவும் தம் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்குத்தான். மாதச் சராசரி 5,000 வெள்ளிக்கு மிகாமல் சம்பாதித்தவருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும், முதல் மாதம் 1,500.

40 வயதைக் கடந்த குடிமக்களுக்கு 2024 மே முதல் 4,000 வெள்ளி கூடுதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை இருக்கிறது. தகுதிபெற்ற முழுநேரப் படிப்புக்கு மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப் படித்தொகையும் உண்டு. ஆசிரியப் பணிக்கோ மொழிபெயர்ப்புக்கோ படிக்க நினைப்பவர் அந்தப் படிப்பு தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கட்டணம் கட்டுங்கள்.

நாற்பதை ஒட்டிய வயது, வீட்டுக் கடன், பள்ளி செல்லும் பிள்ளைகள் என்ற நிலையில் இருப்பவருக்கு எங்கள் பரிந்துரை நிறுவனத்துக்குள் முழுநேர மொழிபெயர்ப்பு. தனித்தொழிலுக்கு ஆசை இருந்தால், முதலாளியின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு வாரயிறுதி வேலையாக ஆறு மாதம் செய்து பார்த்து, அந்த ஐந்து பெயரும் இரண்டாவது முறை வேலை தருகிறார்களா என்று கவனியுங்கள்.

எந்த வழி என்று முடிவானாலும் விலகல் கடிதம் கொடுக்கும் முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். கடைசி நாளன்று அலுவலக மின்னஞ்சல் மூடிவிடும். பெயரோடு வந்த சிறந்த முப்பது செய்திகளின் பக்கப் படத்தை, தேதியும் பக்க எண்ணும் தெரியும்படி சேமியுங்கள். இணைய முகவரியை மட்டும் நம்பாதீர்கள், தளம் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகள் அறுந்துபோகும். பழைய அச்சுப் பக்கத்துக்குத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசு இதழ்களைத் தேடலாம். நிறுவனத்தின் கோப்புகளையும் அதன் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுக்காதீர்கள். உங்களிடம் நம்பிப் பேசியவர்களுக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள், இனி அவர்கள் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.